பணம் யார் கையில்? வேதியியல் போஸ்ட்டாக் பணியின் கதை

முனைவர் பட்டம் வாங்கிய வேதியியலாளர், நிரந்தர வேலையில் அமர்வதற்கு முன் இரண்டு மூன்று ஆண்டுகள் வேறொரு பேராசிரியரின் ஆய்வகத்தில் தற்காலிகமாக வேலை செய்வது இன்று உலகெங்கும் வழக்கம். போஸ்ட்டாக் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தப் பணிக்கு முறையான வடிவம் கிடைத்து நூறாண்டுக்குச் சற்று அதிகம்தான் ஆகிறது. அதற்குள் இடம் தேடும் விதமே தலைகீழாக மாறிவிட்டது. தொடக்கத்தில் உதவித்தொகை ஆய்வாளரின் பெயருக்கு வந்தது. எங்கே போவது என்பதை அவரே முடிவு செய்தார். பிற்பாடு பணம் பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்துக்குள் போய்விட்டது. யாரை எடுப்பது என்பதை அவர் முடிவு செய்யத் தொடங்கினார். மற்ற மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றின் பின்னால் வந்தவை.

வழக்கத்தின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. 1824இல் கீசன் பல்கலைக்கழகத்துக்கு வந்த வேதியியலாளர் லீபிக், மாணவர்களை ஆய்வகத்திலேயே நிறுத்திக் கற்றுக்கொடுக்கும் முறையைப் பரப்பினார். அவரிடம் படிக்க இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில், பட்டம் முடித்த பிறகும் ஊர் திரும்பாமல் இன்னொரு பேராசிரியரிடம் போய்ச் சேருவோர் பெருகினர். உதவியாளர் பதவி கிடைத்தால் கொஞ்சம் ஊதியம் உண்டு. கிடைக்காவிட்டால் வீட்டுப் பணம்தான். ஆகவே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே இது கைகூடியது.

இளைய வில்லியம் ஹென்றி பெர்கின் அப்படிப்பட்டவர். மாவ் என்ற ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்துப் பெரும்பணம் சம்பாதித்த பெர்கினின் மகன். 1882இல் வூர்ட்ஸ்பர்க்கில் டாக்டர் பட்டம் பெற்றுவிட்டு மியூனிக்கில் அடால்ஃப் ஃபான் பேயரின் ஆய்வகத்துக்குப் போனார். மூன்று அல்லது நான்கு கார்பன் அணுக்கள் மட்டுமே கொண்ட வளையச் சேர்மங்களைத் தயாரிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அன்று நன்கு தெரிந்திருந்தவை ஆறு கார்பன் வளையங்கள்தாம். அவ்வளவு சிறிய வளையம் உருவாகாது என்று பேயர் உட்பட மூத்தவர்கள் சொன்னார்கள். பெர்கின் கேட்கவில்லை. ஓரிரு ஆண்டுகளில் இரண்டு வகையையும் தயாரித்துவிட்டார். அந்தச் சேர்மங்கள் கண்முன்னே இருக்க, 1885இல் பேயர் தம் புகழ்பெற்ற கொள்கையை வெளியிட்டார்: சிறிய வளையங்களில் பிணைப்புகள் இயல்பான கோணத்திலிருந்து வளைக்கப்படுவதால் இறுக்கம் உண்டாகிறது. கல்லூரி வேதியியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் பாடம் அது. வெளியிலிருந்து வரும் இளைஞர் சொந்தக் கேள்வியோடு வந்தால் ஆய்வகத் தலைவரின் சிந்தனையும் நகரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

அதே காலத்தில் அட்லாண்டிக்கின் மறுகரையில் வேறொரு முயற்சி தொடங்கியிருந்தது. பால்டிமோரில் 1876இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், ஆண்டுக்கு 500 டாலர் வீதம் இருபது ஃபெல்லோஷிப்களை அறிவித்தது. பெரும்பாலும் பட்டத்துக்குப் படிப்பவர்களுக்கான தொகைதான் என்றாலும், ஏற்கெனவே டாக்டர் பட்டம் வாங்கியிருந்த சிலரும் பெற்றார்கள். அங்கே வேதியியல் பேராசிரியர் ஐரா ரெம்சன். லைப்சிக்கில் டாக்டர் பட்டம் பெற்ற ரஷ்யரான கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க், ஒரு சர்க்கரை இறக்குமதி நிறுவனத்துக்காகச் சர்க்கரையின் தூய்மையைச் சோதிக்க அவருடைய ஆய்வகத்துக்கு வந்தார். வேலை முடிந்த பிறகும் அங்கேயே தங்கி ரெம்சனின் ஆய்வில் சேர்ந்துகொண்டார். ஒருநாள் கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார, ரொட்டி இனித்ததாம். சாக்கரின் பிறந்த கதை அது. 1879இல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. சில ஆண்டுகள் கழித்து ஃபால்பெர்க், ரெம்சனின் பெயரைச் சேர்க்காமலே காப்புரிமை வாங்கி, ஜெர்மனியில் சாக்கரின் ஆலையும் தொடங்கினார். ரெம்சனின் கோபம் கடைசிவரை ஆறவில்லை. யோசனை ஒருவருடையது, கைவேலை இன்னொருவருடையது என்றால் கண்டுபிடிப்பு யாருடையது என்ற வழக்கு, போஸ்ட்டாக் என்ற பதவி தோன்றும் முன்பே தொடங்கிவிட்டது.

பதவிக்கு உண்மையான தொடக்க ஆண்டு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது 1919. முதல் உலகப்போர் அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு ஜெர்மானிய ஆய்வகங்களின் கதவை அடைத்திருந்தது. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் சொந்த நாட்டிலேயே உயர்நிலை ஆராய்ச்சிக்கு வழிசெய்ய ராக்ஃபெல்லர் அறக்கட்டளை முன்வந்தது. பெரிய மத்திய ஆய்வு நிறுவனம் ஒன்றைக் கட்டலாமா என்றே முதலில் யோசித்தார்கள். இயற்பியலாளர் ராபர்ட் மில்லிகன் போன்றவர்களுக்கு அதில் உடன்பாடில்லை. திறமையானவர்களை ஒரே கட்டடத்தில் குவிப்பதைவிட, பட்டம் முடித்த இளைஞர்களுக்குப் பணம் கொடுத்துப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினால் அந்த ஆய்வகங்களும் உயரும் என்று அவர்கள் வாதிட்டார்கள். அந்தப் பக்கம்தான் வென்றது. தேசிய ஆராய்ச்சிக் குழுவின் மேற்பார்வையில் ஐந்தாண்டுகளுக்கு 5 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. தேர்வானவருக்குக் கற்பிக்கும் கடமை இல்லை; எந்தப் பேராசிரியருக்கும் அவர் ஊழியரும் இல்லை. பிற்காலத்தில் மூலக்கூறு ஆர்பிட்டல் கொள்கைக்காக நோபல் பரிசு பெற்ற ராபர்ட் மல்லிகன் இந்தத் தொகையில் வளர்ந்தவர்.

நல்ல ஆய்வாளரை எந்த இடம் பெறுவது என்ற போட்டியும் அப்போதே தொடங்கியது. லைனஸ் பாலிங் 1925இல் கால்டெக்கில் பட்டம் முடித்து, தேசிய ஆராய்ச்சிக் குழுவின் ஃபெல்லோஷிப்போடு பெர்க்லியில் கில்பர்ட் லூயிஸிடம் போகத் திட்டமிட்டிருந்தார். போனால் திரும்ப மாட்டார் என்று அஞ்சிய கால்டெக் வேதியியல் தலைவர் ஆர்தர் நாய்ஸ், இங்குள்ள கட்டுரைகளை முதலில் முடித்துவிடுங்கள் என்று அவரை நிறுத்திவைத்தார். பிறகு குகன்ஹைம் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஐரோப்பாவுக்கே அனுப்பிவிட்டார். பெர்க்லி பக்கத்தில் இருக்கிறது, மியூனிக் தூரத்தில் இருக்கிறது. தூரத்துக்குப் போனவர்தான் திரும்பி வருவார் என்பது நாய்ஸின் கணக்கு. கணக்குப் பலித்தது. 1926இல் பாலிங்கும் மனைவி ஆவா ஹெலனும் ஒரு வயதுக் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். மியூனிக்கில் இயற்பியலாளர் சொமர்ஃபெல்டிடம் கற்ற குவாண்டம் இயங்கியலை வேதிப்பிணைப்பில் பொருத்துவதே பாலிங்கின் அடுத்த பத்தாண்டு வேலையாயிற்று.

ராக்ஃபெல்லர் பணம் 1923 முதல் சர்வதேசக் கல்வி வாரியத்தின் வழியாக ஐரோப்பிய இளைஞர்களுக்கும் கிடைத்தது. வால்ட்டர் ஹைட்லரும் ஃப்ரிட்ஸ் லண்டனும் அப்படித்தான் சூரிச்சில் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கரின் அருகே வந்து சேர்ந்தார்கள். 1927இல் இருவரும் சேர்ந்து, இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஏன் ஒட்டிக்கொள்கின்றன என்பதைக் குவாண்டம் கணக்கால் விளக்கினார்கள். குவாண்டம் வேதியியல் என்ற துறையே அந்தக் கட்டுரையில் தொடங்குகிறது. அதில் ஷ்ரோடிங்கரின் பெயர் இல்லை. அன்று அது யாருக்கும் விந்தையாகப் படவில்லை. பணம் அவருடையது அல்லவே.

இந்தியர்களுக்கு அந்தக் காலத்தில் வழி பிரிட்டன்தான். குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் 1929இல் முனைவர் பட்டம் பெற்றார். ராபின்சனோ மேலே சொன்ன இளைய பெர்கினின் மாணவர். பட்டம் முடிந்ததும் சேஷாத்ரி நேரே ஊர் திரும்பவில்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஃப்ரிட்ஸ் ப்ரெகலிடம் சில காலம், எடின்பரோவில் ஜார்ஜ் பார்ஜரிடம் சில மாதங்கள் என்று தங்கிவிட்டு 1930இல் வந்தார். ப்ரெகலைத் தேடிப் போனதற்குத் தெளிவான காரணம் இருந்தது. சில மில்லிகிராம் பொருளை வைத்துக்கொண்டு அதில் கார்பன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று கண்டறியும் நுண்பகுப்பாய்வு முறையை உருவாக்கியவர் அவர். பூவிலிருந்தும் பட்டையிலிருந்தும் சிறுகச் சிறுகப் பிரித்தெடுக்கும் பொருள்களை ஆராய்கிறவருக்கு அந்தக் கைத்திறன் இல்லாமல் ஆகாது. கோவை, வால்டேர், டெல்லி என்று சேஷாத்ரி பின்னர் கட்டியெழுப்பிய தாவர வேதியியல் ஆராய்ச்சிக்கு அந்தச் சில மாதங்கள் உரமாயின.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் எல்லாமே பெரிதாயிற்று. அமெரிக்காவில் 1950இல் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிறுவப்பட்டது. சுகாதார ஆய்வுக்கான அரசு நிதியும் வேகமாக வளர்ந்தது. 1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும் பணம் மேலும் கொட்டியது. ஆனால் அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஃபெல்லோஷிப்பாக வரவில்லை. பேராசிரியர் ஒரு திட்டத்தை எழுதி அனுப்புவார். அது ஏற்கப்பட்டால் கருவிக்கு இவ்வளவு, வேதிப்பொருளுக்கு இவ்வளவு, இத்தனை போஸ்ட்டாக்குகளின் சம்பளத்துக்கு இவ்வளவு என்று பணம் வரும். தம் ஆய்வைத் தாமே தேர்ந்தெடுத்த ஃபெல்லோ, அடுத்தவர் திட்டத்தின் ஒரு பகுதியைச் செய்து முடிக்கும் பணியாளராக மாறியது இங்கேதான். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு அல்ல அது. நிதிப் படிவத்தின் அமைப்பு செய்த வேலை.

இந்த முறையால் முன்பு நினைத்துப் பார்க்க முடியாத வேலைகளும் நடந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஹார்வர்டில் ராபர்ட் உட்வர்டும் சூரிச்சில் ஆல்பர்ட் எஷன்மோசரும் சேர்ந்து 1972இல் முடித்த வைட்டமின் பி12 தொகுப்பு ஏறக்குறைய 12 ஆண்டுகள் நடந்தது. அதில் உழைத்த போஸ்ட்டாக்குகள் 91 பேர். அவர்களில் 77 பேர் ஹார்வர்டில் இருந்தவர்கள். சூரிச்சின் முனைவர் பட்ட மாணவர்கள் 12 பேரையும் சேர்த்தால் 19 நாட்டவர். ஒருவர் வந்து இரண்டு ஆண்டு உழைத்து, விட்ட இடத்தை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். உட்வர்ட் குழுவின் செஃபலோஸ்போரின் தொகுப்பு பற்றிய 1966ஆம் ஆண்டுக் கட்டுரையில் உள்ள பெயர்களில் எஸ். ரங்கநாதனுடையதும் ஒன்று, அவர் பிறகு கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தார். அமெரிக்க மருந்து நிறுவனங்களும் இப்படிப்பட்ட குழுக்களையே பார்த்திருந்தன. புகழ்பெற்ற தொகுப்பு ஆய்வகம் ஒன்றில் இரண்டாண்டு நின்றவர் என்றால் நேர்முகத் தேர்வில் பாதிக் கிணறு தாண்டியவர்.

சென்னையிலிருந்து இந்த வழியில் முன்னே சென்றவர்களில் டி. ஆர். கோவிந்தாச்சாரி முக்கியமானவர். மாநிலக் கல்லூரியில் பி. பி. டேயிடம் ஆய்வு செய்து பட்டம் பெற்று, 1946இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராஜர் ஆடம்ஸிடம் போய் ஆல்கலாய்டுகளில் மூன்றாண்டு உழைத்தார். திரும்பி வந்து அதே மாநிலக் கல்லூரியில் ஒரு தலைமுறை வேதியியலாளர்களை உருவாக்கினார். 1960களில் மும்பையில் சீபா ஆராய்ச்சி மையத்துக்குத் தலைவரானார். சி. என். ஆர். ராவ் பர்டியூவில் 1958இல் பட்டம் முடித்து, பெர்க்லியில் கென்னத் பிட்சரிடம் சிறிது காலம் இருந்துவிட்டு, 1959இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு வந்துவிட்டார். எல்லோருக்கும் இவ்வளவு நேராக அமையவில்லை. ஹர் கோவிந்த் குரானா 1948இல் லிவர்பூலில் பட்டம் பெற்று, சூரிச்சில் விளாடிமிர் ப்ரெலாகிடம் சம்பளமே இல்லாமல் ஓராண்டுக்கு நெருக்கமாக வேலை செய்தார். இந்தியா திரும்பி வேலை தேடினார், கிடைக்கவில்லை. மறுபடி இங்கிலாந்து போய், கேம்பிரிட்ஜில் அலெக்சாண்டர் டாட் முதலியோரிடம் ஃபெல்லோஷிப்பில் இரண்டு ஆண்டு கழித்த பிறகே 1952இல் கனடாவில் அவருக்குச் சொந்த ஆய்வகம் அமைந்தது. 1968இல் நோபல் பரிசு. படித்துத் திரும்புவோருக்கு நாட்டில் இடமில்லை என்ற குறை அரசின் காதில் விழத்தான் செய்தது. 1958இல் தொடங்கிய சி.எஸ்.ஐ.ஆர். விஞ்ஞானிகள் தொகுப்புத் திட்டம், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நிரந்தர வேலை கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்கச் சம்பளம் கொடுத்தது.

அந்தக் காலத்தில் இடம் தேடுவது என்றால் கடிதம் எழுதுவது. வழிகாட்டிப் பேராசிரியருக்கு வெளிநாட்டில் ஒரு நண்பர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அவர் கையால் நான்கு வரி எழுதினால் போதும். இல்லாதவர்கள் நூலகத்தில் ஆய்விதழ்களைப் புரட்டி, கட்டுரையாசிரியர்களின் முகவரியைக் குறித்துக்கொள்வார்கள். வாராவாரம் வெளிவந்த கரண்ட் கன்டென்ட்ஸ் இதழில் கட்டுரைத் தலைப்புகளோடு முகவரிகளும் அச்சாகும் என்பதால் அதற்குக் கிராக்கி அதிகம். தட்டச்சு செய்த தன்விவரம், ஏரோகிராம், மூன்று பரிந்துரைக் கடிதங்கள், பிறகு வாரக்கணக்கில் தபால்காரரை எதிர்பார்ப்பது. அமெரிக்காவில் இருப்பவருக்கு வேறு வசதி இருந்தது: வேதியியல் சங்கத்தின் மாநாடுகளில் முகம் பார்த்துப் பேசலாம், சங்கத்தின் வார இதழில் பின்பக்க விளம்பரங்களைப் பார்க்கலாம். விளம்பரமாக வந்தவை எப்போதும் ஒரு பகுதிதான். பல இடங்கள் பேராசிரியர்களுக்கு இடையேயான கடிதங்களிலேயே நிரம்பிவிட்டன.

கடிதம் எதிர்பாராத கதவையும் திறக்கலாம் என்பதற்குச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் வாழ்க்கை சாட்சி. அவர் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தை சி. வி. ராமகிருஷ்ணன் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில் டேவிட் கிரீனிடம் போஸ்ட்டாக் ஆய்வுக்குப் போய்விட்டார். தாயும் பின்னர் அங்கே போய்ச் சேர, குழந்தை தாத்தா பாட்டியிடம் வளர்ந்தது. ஃபெல்லோஷிப்பின் கணக்கில் வராத செலவைப் பாட்டிமார் ஏற்றுக்கொள்வது பாலிங் காலத்திலிருந்து தொடரும் ஏற்பாடு. மகன் 1976இல் ஒஹாயோவில் இயற்பியலில் பட்டம் பெற்று, அந்தத் துறை பிடிக்காமல் சான் டியேகோவில் உயிரியல் படித்தார். யேல் பல்கலைக்கழகத்தின் டான் எங்கல்மனுக்கு வேலை கேட்டு எழுதினார். எங்கல்மனிடம் இடமில்லை, கடிதத்தைச் சக ஆய்வாளர் பீட்டர் மூரிடம் கொடுத்தார். மூர் ரைபோசோம் ஆய்வுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். 2009இல் வேதியியல் நோபல் பரிசில் முடிந்த பாதை அங்கேதான் ஆரம்பித்தது. ஆனால் இடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். யேலில் நான்காண்டு வேலை செய்தும், பேராசிரியர் பணிக்கு ஏறத்தாழ ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும், ஒன்றும் அமையாமல் அவர் அரசு ஆய்வகங்களுக்குப் போனார்.

அந்த ஐம்பது மறுப்புகள் அவருடைய தனிப்பட்ட துரதிர்ஷ்டம் மட்டுமல்ல. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் போஸ்ட்டாக்குகளைப் பற்றி 1969இல் வெளியிட்ட அறிக்கைக்கு ‘கண்ணுக்குத் தெரியாத பல்கலைக்கழகம்’ என்று பெயர். மாணவர் பட்டியலிலும் இல்லை, ஆசிரியர் பட்டியலிலும் இல்லை என்பதால் பல பல்கலைக்கழகங்களுக்குத் தங்களிடம் எத்தனை போஸ்ட்டாக்குகள் இருக்கிறார்கள் என்பதே சரியாகத் தெரிந்திருக்கவில்லை. 1970களில் பல்கலைக்கழக விரிவாக்கம் நின்றது. பேராசிரியர் பணியிடங்கள் சுருங்கின. ஆய்வுத் திட்டங்கள் மட்டும் தொடர்ந்தன. திட்டத்துக்குக் கைகள் வேண்டும், வேலை கிடைக்காதவர்களுக்கு ஒரு இடம் வேண்டும். இரண்டும் பொருந்திக்கொண்டன. இரண்டு ஆண்டு என்றிருந்த காலம் நான்கு, ஐந்து என்று நீண்டது. ஒரு போஸ்ட்டாக் முடிந்து இன்னொன்று என்ற பழக்கமும் வந்தது. ஜே-1 போன்ற தற்காலிக விசாக்களில் வந்த வெளிநாட்டவருக்கு நெருக்கடி இன்னும் அதிகம். வேலை போனால் நாட்டில் தங்கும் உரிமையும் போகும். ஆகவே பேராசிரியருடன் முரண்படுவது எளிதல்ல.

மற்ற நாடுகளும் இதே குழியில் வேறு வேறு வழிகளில் இறங்கின. ஜப்பான் 1996இல் பத்தாயிரம் போஸ்ட்டாக்குகளை ஆதரிக்கும் திட்டத்தை அறிவித்துச் சில ஆண்டுகளில் இலக்கை எட்டியது. அதன் பின் அவர்கள் எங்கே போவார்கள் என்பதற்குத்தான் திட்டம் இருக்கவில்லை. ஜெர்மனியின் 2007ஆம் ஆண்டுச் சட்டம், பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு என்று தற்காலிக ஒப்பந்தங்களுக்கு வரம்பு கட்டியது. நீண்டகாலம் தற்காலிகமாகவே இருப்பதைத் தடுப்பது நோக்கம். நிரந்தர இடங்கள் பெருகாததால் பலருக்கு அது வெளியேறும் நாளைக் குறிக்கும் சட்டமாயிற்று. 2021இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இதற்கெதிராகப் பெரிய அளவில் குரல் எழுப்பினர். அமெரிக்காவில் 2003இல் போஸ்ட்டாக்குகளுக்கென்று தேசியச் சங்கம் அமைந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் போஸ்ட்டாக்குகள் 2010இல் தொழிற்சங்கம் மூலம் முதல் ஊதிய ஒப்பந்தம் பெற்றார்கள். 2022 நவம்பரில் அங்கே நடந்த ஏறத்தாழ 48,000 கல்விப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்திலும் பங்கேற்றார்கள். லீபிக் காலத்து ஆய்வகத்தில் வேலைநிறுத்தம் என்ற எண்ணமே எழுந்திருக்காது. ஊழியர் ஆக்கப்பட்டவர்கள் ஊழியரைப் போலவே நடந்துகொண்டார்கள் என்பதில் வியக்க ஒன்றுமில்லை.

தேடும் கருவிகளும் மாறின. ஏரோகிராம் போய் மின்னஞ்சல் வந்தது. கேட்பது எளிதாகிவிட்டதால் கேட்போர் பெருகினர், பதில் அருகியது. பரிந்துரைக் கடிதத்தின் செல்வாக்கு மட்டும் குறையவேயில்லை. நிதியில் கருவிகளும் நுட்பங்களும் முந்திக்கொண்டதால், விளம்பரங்கள் இப்போது ஆளைவிடக் கைத்திறனையே கேட்கின்றன: படிகவியல் தெரிந்தவர், கணினி வேதியியல் தெரிந்தவர், மின்கல வேதியியலில் அனுபவம் உள்ளவர்.

இதற்கிடையே பழைய வகை ஃபெல்லோஷிப் அடியோடு மறைந்துவிடவில்லை. ஜெர்மனியில் 1953இல் மீண்டும் தொடங்கப்பட்ட ஹம்போல்ட் அறக்கட்டளை, ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி திட்டம் ஆகியவற்றில் இன்றும் விண்ணப்பிப்பவர் தம் ஆய்வுத் திட்டத்தைத் தாமே எழுதி, ஏற்றுக்கொள்ளும் பேராசிரியரின் சம்மதத்தோடு அனுப்புகிறார். இந்தியாவில் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் கொண்டுவந்த தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்பும் இந்த வகையே: இரண்டு ஆண்டு, 35 வயது வரம்பு, தொடங்கியபோது மாதம் 55,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். இடத்தையும் வழிகாட்டியையும் தேடிக்கொள்வது ஆய்வாளரின் பொறுப்பு. ஐ.ஐ.டி.களில் முறையான உதவிப் பேராசிரியர் பதவிக்குப் பட்டத்துக்குப் பிந்தைய மூன்றாண்டு அனுபவம் கேட்கப்படுவதால், வேதியியலில் பட்டம் முடிப்பவர்கள் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எழுதும்போதே விண்ணப்பங்களையும் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.